கோழியின்மேற் குற்றமா?

கோழி முட்டையிடாமை பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணாக்கர் கல்லூரி மலரின் பக்கங்களை இதன்பொருட்டுச் செலவிடுதல் தகுமோ என ஆசிரியப் பெருமக்கள் ஐயுறவுங்கூடும். அவர்கட்கு யாம் முதற்கண் ஒன்று கூறிக்கொள்வோம். நம் முன்னோர் கோழியை இகழ்ந்தாரல்லர். சோழர் தலைநகராகிய உறையூர்க்குக் கோழி என்பதே ஒரு பெயராயிற்று. கோழியின் பெண்ணுக்கு அளகு என்னும் பெயர் உரித்தெனத் தொல்காப்பியர் மரபியலில் வரையறுத்தார். பட்டினப்பாலை பாடிய புலவர், முற்றத்தில் உலர்ந்த உணவைக் கவர வந்த கோழியை மகளிர் தம் காதணி கொண்டு எறிந்து ஓட்டினர் எனக் கூறி, அதனையே காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்துக்குச் சான்றாகக் காட்டினார். அரசர் நகரமும் இலக்கண நூலும் இடந்தந்த பறவைக்கு இம்மலரும் சிறிது இடந்தருதல் பிழையாகாது.

இனிக் கட்டுரை எழுந்த காரணத்தைக் கூறுவோம். தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்று எம் பிறப்பிடம். சென்ற கோடை விடுமுறையில் யாம் ஆண்டுச் சென்றபொழுது, எம் பாட்டியார் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றஞ் சாட்டப்பட்டவை ஆறு பெட்டைக்கோழிகள். சித்திரை பிறந்து இருபது நாளாகியும் அவற்றினின்று ஒரு முட்டையேனும் வீட்டுக்கு வந்திலது. அயல்வீட்டார் ஒருவர் கண்ணேறு என்றார். மற்றொருவர் இனம் கெட்டது என்றார். ஆறனையும் வாரச்சந்தையில் விற்றுவிட்டுப் பண்ணைக் குஞ்சுகள் வாங்கலாம் என்பது எம் தாய்மாமனின் தீர்ப்பு. கல்லூரியிற் பயிலும் யாம் என்ன கூறினோம்? நாணத்தோடு ஒப்புகின்றோம், யாமும், "விற்றுவிடுங்கள், பாட்டி" என்றே கூறினோம். பாட்டியார் மட்டும், "வாயில்லாத சீவனை விசாரியாமல் தள்ளக்கூடாது, கண்ணு" என்றார்.

அச்சொல் எம்மைச் சுட்டது. எழுத்தறியாத மூதாட்டியார் விசாரணை வேண்டினார். பல நூல் கற்ற யாம் விசாரியாது தீர்ப்புக் கூறினோம்.

இவ்வழக்கிற் பொருள் யாது என வினவுவார்க்கு ஒன்று கூறல் வேண்டும். எங்கள் பக்கத்தில் மாங்காய் விற்ற பணமும், புளி விற்ற பணமும், கேழ்வரகு விற்ற பணமும் ஆடவர் கைக்கே செல்வன. முட்டை விற்ற காசு ஒன்றுதான் பெண்டிரின் முந்தானை முடிச்சுக்குச் செல்வது. அதனைச் சிறுவாடு என்பர். அது கேட்டுப் பெறுவதன்று. கணக்குக் காட்ட வேண்டுவதுமன்று. காய்ச்சற் குழந்தைக்கு மருந்தும், பள்ளிப் பிள்ளைக்குக் குறிப்பேடும், மகள் ஊருக்குச் செல்லப் பேருந்துக் கட்டணமும் அம்முடிச்சினின்றே வரும். எம் முதலாண்டுப் புத்தகங்களிற் பாதி அவ்வாறு வந்தவையே. ஆதலின் கோழி முட்டையிடாது நிற்றல் ஒரு பெண்ணின் கையிலிருக்கும் சிறு உரிமை நிற்றலேயாம்.

முட்டை எவ்வாறு உருவாகின்றது என்பதை யாம் முதலில் அறிந்துகொண்டோம். முதிர்ந்த மஞ்சட்கரு சினைப்பையினின்று விடுபட்டு முட்டைக்குழாயினுட் புகுகின்றது. அதன் வாயிலில் ஏறக்குறையக் கால் மணி நேரம் தங்குகின்றது. அடுத்த பகுதியில் மூன்று மணி நேரத்தில் வெண்கரு சூழ்கின்றது. பின் ஒன்றேகால் மணியளவில் மெல்லிய சவ்வுகள் அமைகின்றன. இறுதியாக ஓட்டுப்பையில் ஏறக்குறைய 20 மணி நேரம் கிடந்து ஓடு பெறுகின்றது. ஆக, ஒரு முட்டைக்கு 24 முதல் 26 மணி நேரம் வேண்டும். அவ்வோட்டில் அடங்கும் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து மட்டும் 2 கிராம் அளவினது. ஓட்டினுள்ளிருக்கும் பொருளில் நான்கில் மூன்று பங்கு நீர். இவ்வளவையும் ஒரு சிறு பறவை ஒருநாட் பொழுதில் தன் உடலினின்றே ஈட்டித் தருகின்றது. முட்டையிட்ட கோழிக்கே வருத்தம் தெரியும் என்னும் பழமொழியின் ஆழம் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

பின்னர்க் கோழிகளை ஒவ்வொன்றாக நோக்கினோம்.

முதலிரண்டு கோழிகளும் காலையில் எங்கோ சென்று, வெயில் ஏறியபின் கேறிக்கொண்டே திரும்பின. இட்ட கோழியன்றோ கேறும்? மறுநாள் பின்தொடர்ந்தோம். ஒன்று வைக்கோற்போரின் அடியிலும், மற்றொன்று கற்றாழை வேலியின் புதரிலும் புகுந்தன. இரண்டிடத்துமாகப் பதினோரு முட்டைகள் கிடந்தன. கீரி குடித்துப் போட்ட ஓடுகளும் கிடந்தன. வீட்டில் இருக்கும் கூட்டை விட்டு அவை ஓடியது ஏன்? இரவில் விளக்கெடுத்துக் கூட்டின் பலகை இடுக்குகளைக் கண்டபொழுது காரணம் தெரிந்தது. பகலில் இடுக்கினுள் ஒளிந்து இரவில் வெளிவந்து குருதி உறிஞ்சும் செந்நிறச் செள்ளுப்பூச்சிகள் அங்குத் திரளாக இருந்தன. தம்மைத் தின்னும் வீட்டில் முட்டையிடாமை கோழியின் அறிவே அன்றிக் குற்றமாகாது.

மூன்றாங் கோழி இருட்டறை மூலையில் வெறுங்கூடையின்மேற் சிலிர்த்துக்கொண்டு கிடந்தது. அஃது அடைக்கோழி. நாட்டுக்கோழி பத்து முதல் பதினைந்து முட்டை வரை இட்டபின் அடைகொள்ளும். அப்பொழுது அதன் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுந்து சினைப்பையின் தொழிலை நிறுத்திவிடும். இருபத்தொரு நாள் அடைகிடந்து, பின் குஞ்சுகளைத் திங்கட்கணக்கிற் புரந்த பின்னரே அது மீண்டும் முட்டையிடத் தொடங்கும். இதனை அறியாதார் அதன் மூக்கில் இறகைச் செருகுவர், தண்ணீரில் முக்கியெடுப்பர். கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்த்துக்கொள்வதைத் தம் அன்புக்கு உவமையாக நம் ஆண்டவர் கூறியதை ஞாயிறுதோறும் கேட்கும் இல்லங்களிலும் இக்கொடுமை நிகழ்கின்றது. அடைகொள்ள விரும்பாவிடின் அக்கோழியைக் காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில், வைக்கோல் இல்லாத தட்டிக்கூண்டில் சில நாள் வைத்துத் தீனியும் நீரும் தந்தால் போதும். அடை தானே கலையும்.

நான்காங் கோழி கழுத்தும் வாலும் மொட்டையாகக் காணப்பட்டது. நோயென்றே பலரும் கருதினர். அஃது இறகுதிர்க்கும் பருவம். ஆண்டுக்கொருமுறை பழைய இறகு கழிந்து புதியது முளைக்கும்பொழுது, உண்ட புரதமெல்லாம் இறகுக்கே செல்லும். இரண்டு மூன்று திங்கள் முட்டை நிற்றல் இயல்பு. உழுத நிலத்தைக் கிடப்பிற் போடும் உழவர், கோழி கிடப்பிற் கிடத்தலை மட்டும் பொறாதிருத்தல் வியப்பே.

ஐந்தாங் கோழியின் செய்தி இரங்கத்தக்கது. அது முட்டையிட்டே வந்தது. ஆனால் விடியுமுன் தோல் முட்டையாக நழுவவிட்டது. ஓடில்லாத அம்முட்டையைப் பிற கோழிகள் உடனே கொத்தித் தின்றன. காலையில் எஞ்சியது தரையில் ஓர் ஈரத் தடமே. அதனைக் கண்டு, முட்டையை உண்ணும் பேய்க்கோழி என அதன்மேலேயே பழி சுமத்தப்பட்டிருந்தது.

ஆறாங் கோழி மாசித் திங்களில் கழிச்சல் நோயுற்றுப் பிழைத்தது. அதன் கழுத்து ஒருபுறம் திருகியே நின்றது. 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு நியூகாசில் நகர்ப்புறத்திற் கண்டறியப்பட்டு அந்நகரின் பெயரைப் பெற்ற நோய், நம் நாட்டில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரின் பெயரால் வழங்குகின்றது. அதுவே இக்கழிச்சல். பிழைத்த கோழிகளிலும் முட்டை நின்றுபோதலும் வடிவு கெட்ட முட்டை தோன்றலும் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் கால்நடைத் துறையார் இதற்கெனத் தடுப்பூசி முகாம் நடத்தி விலையின்றி ஊசியிடுகின்றனர். கோழிக்கு எதற்கு ஊசி என்று எம் வீட்டார் செல்லாதிருந்தனர். அக்கோழி பின்னர் முட்டையிடவேயில்லை, ஆவணியில் இறந்தது. ஐந்து கோழிகள் குற்றமற்றவை. ஆறாவதன் கேட்டுக்குக் குற்றவாளிகள் அதன் உடையவராகிய யாமே.

இவ்விசாரணையால் யாம் கொண்ட கருத்து இது: வீட்டுக்கோழி முட்டையிடாமைக்குப் பெரும்பாலும் காரணம் கோழியன்று, அதனை வளர்ப்பாரின் அறியாமையும் புறக்கணிப்புமே. இக்கருத்தை வலியுறுத்த ஒரு கணக்கினைக் காட்டுவோம். எங்கள் மாவட்டத்தில் கேழ்வரகு மிகுதி. கேழ்வரகிற் சுண்ணாம்புச் சத்து நிறைந்துள்ளது. அதனை உண்ணும் கோழிக்கு வேறெதற்கு என்பர். பிற தானியங்களை நோக்கக் கேழ்வரகு சிறந்ததே. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் உள்ள கால்சியம் ஒரு கிராமில் மூன்றிலொரு பங்களவே. நாட்டுக்கோழி ஒருநாளில் அவ்வளவும் உண்ணாது. உண்டதனைத்தும் உடலிற் சேர்வதுமில்லை. முட்டை ஒன்றுக்கோ 2 கிராம் வேண்டும். குறைவதை எங்கிருந்து பெறும்? தன் எலும்பினின்றே கரைத்துக் கொடுக்கும். கோழியின் எலும்புகள் அனைத்திலும் உள்ள கால்சியம் ஏறக்குறைய 20 கிராம் என்பர். பன்னிரண்டு முட்டைக்கு வேண்டுவதோ 24 கிராம். வரவின்றிச் செலவு செய்யும் குடும்பம் எத்துணை நாள் நிற்கும்? தோல் முட்டை அக்குடும்பத்தின் கடன் முறியே.

இதற்கு மருந்து அரியதன்று. கிளிஞ்சலை இடித்து ஒரு சட்டியில் தனியே வைத்தால், வேண்டிய கோழி வேண்டியவளவு தானே பொறுக்கும். வீட்டில் கழியும் முட்டையோட்டையும் வறுத்துப் பொடித்து வைக்கலாம். ஓட்டை முழுதாகப் போட்டால் முட்டையைக் கொத்தும் பழக்கம் தொற்றும். புரதத்துக்குக் கறையான் உண்டு. பழைய பானையில் சாணமும் சாக்குத் துண்டும் காய்ந்த சருகும் இட்டு நீர் தெளித்து மாலையிற் கவிழ்த்து வைத்தால், காலையிற் கறையான் ஏறியிருக்கும். இது பாட்டியார் எமக்குக் கற்பித்தது. எந்த நூலிலிருந்தும் யாம் அவர்க்குக் கற்பித்ததன்று.

வெப்பத்தையும் எண்ணல் வேண்டும். முட்டை குறைதலுக்குப் பகலொளி குறைதலே காரணம் எனக் குளிர்நாட்டு நூல்கள் விரித்துரைக்கும். மாலையில் விளக்கேற்றச் சொல்லும். ஆண்டு மாரிக்காலப் பகல் மிகக் குறுகியது. ஆதலின் அவ்வுரை அவர்கட்குப் பொருந்தும். காரிமங்கலத்திலோ நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. எங்களுக்குப் பகை இருளன்று, சித்திரை வெயிலே. கோழிக்கு வியர்வையில்லை. வாய் திறந்து இளைத்தே அது உடலைக் குளிர்விக்கும். அவ்வாறு இளைக்குங்கால் குருதியிலுள்ள கரியமிலவாயு மிகுதியாக வெளியேற, ஓட்டுக்கு வேண்டும் பொருள் குறையும், தீனியுங் குறையும். நிழலில் ஒரு மண்சட்டியில் நாளைக்கு மும்முறை குளிர்ந்த நீர் வைத்தல் அதற்குச் செய்யும் பேருதவியாகும். பிறர் நூலைப் படிப்பதோடு நம் ஊர் வானத்தையும் படித்தல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். நாமக்கல்லில் கூண்டுக்கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டையிடுகின்றது. நாட்டுக்கோழியோ அறுபதை எட்டுதலே அரிது. இதனைக் கட்டியழுவதேன் என்பர். யாம் நாமக்கல்லை இகழ்வோமல்லேம். 1982ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகளின் தட்டில் முட்டை வைக்க அத்தகைய பெரும்பண்ணைகள் இன்றியமையாதவை. ஆனால் கூண்டுக்கோழி அளந்த தீனியும், விளக்கொளியும், முறையான தடுப்பூசியும் பெற்று முந்நூறு இடுகின்றது. வீட்டுக்கோழி குப்பையைக் கிளறி, நாய்க்கும் கீரிக்கும் அஞ்சி, ஒரு செலவுமின்றி அறுபது இடுகின்றது. அதனோடு தானே குஞ்சும் பொரிக்கின்றது. முதலில்லாத குடும்பத்துக்கு எது தகும் என்பதைக் குடும்பத் தலைவியரே அறிவர். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள கோழி முதலிய 85 கோடிப் பறவைகளுள் 31 கோடிக்கு மேற்பட்டவை கொல்லைப்புறத்தில் வளர்வன. அவற்றின் தொகை முன்னைய கணக்கினும் மிகுந்ததேயன்றிக் குறைந்ததன்று.

வனராஜா, கிராமப்பிரியா முதலிய சீரிய இனங்களை ஐதராபாத்து ஆராய்ச்சியாளர் கொல்லைப்புறத்துக்கென்றே உருவாக்கியுள்ளனர். அவை மிகுதியாக இடுதல் மெய்யே. அவற்றை விரும்புவார் வளர்க்கட்டும். ஆயினும் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் திறம் அவற்றிற் குறைவு; குஞ்சுக்கு மீண்டும் பணம் வேண்டும். மேலும், செள்ளடர்ந்த கூட்டிலும் நீரற்ற சட்டியருகிலும் விட்டால் எந்த இனமும் முட்டையிடாது. வளர்ப்பாரின் குறையை இனமாற்றம் தீர்க்காது.

இனி, தமிழ் பயிலுவார் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறாது விடோம். அவ்வாறு கோழிகளையும் அன்று ஊரார் மலட்டுக்கோழிகள் என்றனர். அச்சொல் வீழ்ந்தபொழுது திண்ணையில் இருந்த உறவுப்பெண் ஒருவர் எழுந்து உள்ளே சென்றார். அவர்க்கு மணமாகி எட்டாண்டுகள், குழந்தையில்லை. அவருடைய கணவர் மருத்துவரிடம் தம்மைக் காட்டியதேயில்லை என்பதை ஊர் அறியும். ஆயினும் சொல் அவர் மனைவியின்மேலேயே விழும். விசாரியாமற் பழிக்கும் பழக்கம் கோழிக்கூட்டோடு நில்லாது. அது வீட்டுக்குள்ளும் வரும். அடைகாக்கும் கோழியை மலடென்றோம். ஓடில்லாது தவித்த கோழியைப் பேயென்றோம். இறகு மாற்றிய கோழியை நோயென்றோம். தீனி, நீர், கூடு, நோய் என்று காரணம் தேடும் பயிற்சி ஒருவர்க்கு வாய்க்குமாயின், அவர் மக்களைப்பற்றியும் சொல்லெடுக்குமுன் சிறிது தயங்குவார் என நம்புகின்றோம்.

ஆதலின் நம் கல்லூரித் தோழர்களுக்கும், ஊர்ப்புறப் பள்ளிகளில் ஆசிரியராய் விளங்கும் பழைய மாணாக்கர்களுக்கும் சில விண்ணப்பங்கள் உள்ளன. விடுமுறையில் வீடு செல்வோர் ஒருநாட் காலையேனும் கோழிக்கூட்டை வெயிலிற் காயவைத்து, இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்பு பூசித் தருக. சாம்பலும் புழுதியும் கலந்த குழியொன்று கோழி புரள அமைத்துத் தருக. பிப்ரவரி முகாம் நாளைக் கேட்டறிந்து தெருவார்க்கெல்லாம் அறிவிக்க. மருந்துக்கடையில் யாரோ சொன்ன மாத்திரையை வாங்கிக் கோழிக்குப் புகட்டற்க. கோழி சோர்ந்து நின்றாலும், இட முயன்று இயலாது முக்கினாலும், அரசு கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் கொண்டு செல்க. வளர்ப்பு முறை பற்றி ஐயமுள்ளார்க்கு எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. அதுபோன்ற நிலையங்கள் பிற மாவட்டங்களிலும் உள்ளன. எல்லாவற்றினும் முதலாவது, வீட்டிலுள்ள மூதாட்டியரைக் கேளுங்கள். அவர் அறிந்ததில் பாதியை நாம் நூலில் தேடிக்கொண்டிருக்கின்றோம்; நாம் அறிந்ததில் அவர்க்கு வேண்டுவது சிறிதே, அதனையும் நாம் கொண்டுசென்று கொடுப்பதில்லை.

வழக்கின் முடிவைக் கூறி அமைவோம். கூடு தூய்மையாயிற்று, ஓடிய இரு கோழிகளும் சின்னாளிற் கூட்டுக்கே மீண்டன. வேலியடியிற் கிடைத்த முட்டைகளுள் நல்லவற்றை வைத்து அடைக்கோழியைக் கிடத்தினோம். ஏழு குஞ்சுகள் வெளிவந்தன. கிளிஞ்சற் பொடி உண்ட ஐந்தாங் கோழி, யாம் கல்லூரிக்குத் திரும்பும் வாரத்தில் ஓடு தடித்த முட்டையொன்றை இட்டது. பாட்டியார் அதனைக் கையிலேந்தித் தட்டிப் பார்த்தார்; எம்மையும் ஒருமுறை பார்த்தார்; ஒன்றுங் கூறவில்லை. சந்தைக்கு விற்றுவிடச் சொன்ன எம் வாய்க்கு அம்மௌனமே தக்க மறுமொழி. புறப்படும் நாளன்று முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பேருந்துக்கென்று எம் கையில் அவர் வைத்த காசை யாம் இன்னும் செலவிட்டிலேம்.